பதினோரு மில்லிமீட்டர்

அக்காவும் தங்கையும் பேசி ஐம்பத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

ஐம்பத்திரண்டு நாட்களுக்கு முன்பு தங்கை, தான் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் பதினாறு வீட்டுக்காரர்களையும் திரட்டிக்கொண்டு தெருவில் நின்றாள். பின்பக்கம் தோண்டும் பள்ளத்தை நிறுத்தச் சொல்லி அட்டை பிடித்தாள். தகர வேலிக்கு உள்ளே, பள்ளம் தோண்டும் கம்பெனியின் மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றவள் அக்கா.

மேனேஜர் கேட்டுக்கொண்டதால் அக்கா வேலியைத் தாண்டி வெளியே வந்தாள். "அளக்கிறது நான்தான். ஏதாவது ஆச்சுன்னா நான் சொல்ல மாட்டேனா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அட்டைகள் இறங்கின. கூட்டம் கலைந்தது. தங்கை மட்டும் கடைசிவரை நின்று அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

இன்று காலை ஏழு மணிக்கு அக்கா வழக்கம்போல் கருவியை முக்காலியில் மாட்டி, கண்ணை வைத்தாள்.

அவள் வேலை இதுதான். தங்கை குடியிருக்கும் கட்டடத்தின் அடிச்சுவரில் பன்னிரண்டு இரும்பு ஆணிகளைப் பதித்திருந்தார்கள். கார் நிறுத்துவதற்காகப் பூமிக்குள் ஐந்து அடுக்கு இறங்கப்போகிற அந்தப் பள்ளம் ஆழமாக ஆழமாக, ஆணிகளும் கீழே இறங்குகின்றனவா என்று தினமும் பார்த்துப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்குக்கூடச் சண்டை போடுவாள் என்பதால் சைட்டில் அவளுக்கு 'மில்லி' என்று பெயர்.

ஏழாம் ஆணி, பள்ளத்தைப் பார்த்த பின்மூலையில் இருந்தது. பம்பு ஓட்டுபவர் அளவுகோலை அதன்மேல் நிறுத்திப் பிடித்திருந்தார். நாளெல்லாம் தண்ணீரிலேயே நிற்பதால் அவருக்குத் 'தவளை' என்று பெயர். அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

"அண்ணே, கோலை நேரா பிடிங்க."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன் மேடம். கோணல் என் முதுகுதான்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். நேற்றைவிடப் பதினோரு மில்லிமீட்டர் கீழே இருந்தது ஆணி. போன வாரம் முழுக்கச் சேர்த்தே மூன்றுதான் இறங்கியிருந்தது.

எட்டாம் ஆணி, ஒன்பது. மற்ற ஆணிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அப்படியானால் கருவி பொய் சொல்லவில்லை. கட்டடத்தின் ஒரு மூலை மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது.

தவளை குரலைத் தாழ்த்தினார். "மேடம், உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். விடியறதுலேருந்து பம்புத் தண்ணி கலங்கி வருது."

"எப்படிக் கலங்கி?"

"பால் விட்ட டீ மாதிரி. கையில பிடிச்சா அடியில மணல் நிக்குது."

பள்ளத்தில் ஊறும் தண்ணீரை ஆறு பம்புகள் ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் தெளிவாக வரும்வரை பயமில்லை. மணலோடு வந்தால், அந்த மணல் யாருடைய காலடியிலிருந்தோ கரைந்து வருகிறது.

அவள் தலையை உயர்த்தி நான்காவது மாடியைப் பார்த்தாள். தங்கையின் பால்கனியில் அவள் மகளின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

மேனேஜர் தகர அறையில் போன் பேசிக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் பார்த்தார். போனைப் பொத்திக்கொண்டார். "திரும்ப எடுங்க. சூடு ஏறினா கருவி இப்படித்தான் காட்டும்."

"காலைல ஏழு மணிக்கு என்ன சார் சூடு?"

"ஒம்பதுக்கு இன்னொரு தடவை எடுங்க. பேசிக்கலாம்."

ஒன்பது மணிக்குப் பதினாறு. பத்தரைக்கு இருபத்தி நாலு. கடைசி எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"சார், உடனே எல்லாரையும் வெளியே வரச் சொல்லணும். பம்பையும் நிறுத்தணும்."

"பம்பை நிறுத்தினா பள்ளம் ரொம்பிடும். ஆறு மாச வேலை தண்ணிக்குள்ள போயிடும்." மேனேஜரின் நெற்றியிலும் வியர்வை இருந்தது. அவருக்கும் பயம்தான், ஆனால் அவர் பயந்தது வேறு யாருக்கோ. "தலைமை ஆபீஸ்ல எல்லாரும் மீட்டிங்ல இருக்காங்க. மதியம் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. பதினாறு குடும்பம் தெருவுல வந்து நின்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"உள்ளேயே இருந்தா என்ன ஆகும்னு நீங்க யோசிச்சீங்களா சார்?"

அவர் மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார். அவள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

தங்கைக்குப் போன் செய்தாள். இரண்டு முறை மணி அடித்துத் துண்டிக்கப்பட்டது. மறுபடி செய்தாள். இந்த முறை ஒரே மணி.

"அண்ணே," என்று தவளையைக் கூப்பிட்டாள். "பள்ளத்துல எத்தனை பேர்?"

"பதினோரு பேரு."

"என் பேரைச் சொல்லி மேலே வரச் சொல்லிடுங்க. அப்புறம் ஒரு கடப்பாரையை எடுத்துக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்கு வாங்க."

தவளை ஏன் என்று கேட்கவில்லை. பள்ளத்தின் விளிம்புக்குப் போய், இரண்டு விரல்களை வாயில் வைத்து விசில் அடித்தார்.

*

கட்டடத்தின் வாசலில் லிஃப்ட் பொத்தானை அழுத்தப்போன அக்கா, கையை இழுத்துக்கொண்டு படி ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், சுவரும் தரையும் சேரும் இடத்தில் கருப்பாக ஒரு கோடு போனது. அவள் விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. உள்ளிருந்து காற்று வந்தது.

அதன் பிறகு அவள் ஓடினாள்.

தங்கை கதவைப் பாதி திறந்து, சங்கிலியை எடுக்காமல் நின்றாள். அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். மாமனாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனதால் மூன்று வாரமாக விடுப்பில் இருந்தாள். கணவன் வெளியூர்ப் பேருந்து ஓட்டுபவன், நாளைக்குத்தான் வருவான்.

"போன்ல எடுக்கலேன்னா நேர்ல வந்துடுவியா?"

"கீழ இறங்கு. மாமாவைத் தூக்கிக்கிட்டு இப்பவே இறங்கணும். கட்டடம் உக்காருது."

தங்கை அசையவில்லை. "யார் அனுப்பினது? உன் மேனேஜரா?"

"யாரும் அனுப்பல. சொல்லாதேன்னுதான் சொன்னாங்க."

"அன்னிக்கு விரிசலைக் காட்டினேன், பூச்சு வெடிப்புன்னு சொன்னே. தெருவுல நின்னு கத்தினோம், பயப்படாதீங்கன்னு சொன்னே. இன்னிக்கு நீயே வந்து ஓடுன்னு சொல்றே. எதை நம்பணும் நான்?" தங்கையின் குரல் உயரவில்லை. அது அக்காவை இன்னும் பயமுறுத்தியது. "நாங்க வீட்டைக் காலி பண்ணினா உங்களுக்கு வசதி. அவ்வளவுதானே?"

அக்கா புத்தகத்தைக் கதவிடுக்கில் நீட்டினாள். "ஏழாம் ஆணியைப் பாரு. நேத்துலேருந்து."

தங்கை அதைப் பார்ப்பதற்குள் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அது யாரு, பெரியவளா? உள்ள விடும்மா அவளை."

மாமனார் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கட்டிலில் மல்லாந்து கிடந்தார், இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை. கண் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

"காலைலேருந்து சொல்றேன், இவ கேட்க மாட்டேங்கிறா. மாத்திரை மயக்கத்துல உளர்றேன்னு நினைக்கிறா. லிஃப்ட் ரெண்டாவது மாடிகிட்ட உரசுது. ஒம்பது மணிக்கு லேசா கீறுற மாதிரி இருந்துச்சு. இப்ப அரைக்குது. லிஃப்ட் ஓடுற தண்டவாளம் நேரா இருந்தா அது உரசாதும்மா. கட்டடம் சாஞ்சாத்தான் உரசும்."

தங்கை மாமனாரைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். சங்கிலியை எடுத்தாள்.

அந்த நேரத்தில் சமையலறையில் டப்பென்று ஒரு சத்தம். மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தரையில் பதித்திருந்த ஒரு ஓடு, யாரோ கீழேயிருந்து முட்டியதுபோல் எழும்பி இரண்டாக உடைந்து கிடந்தது. பக்கத்து ஓடும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழும்பியது.

"அக்கா," என்றாள் தங்கை. ஐம்பத்திரண்டு நாட்களில் முதல் முறை.

"எல்லாருக்கும் சொல்லணும். ஒவ்வொரு கதவா தட்டினா நேரம் பத்தாது."

"தட்ட வேண்டாம்." தங்கை போனை எடுத்தாள். போராட்டத்துக்காக அவள் ஆரம்பித்திருந்த குழுவில் பதினாறு வீடும் இருந்தன. கம்பெனி ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிய குழு அது. அவள் எழுதவில்லை, பேசிப் பதிவு செய்தாள். "நான்தான் பேசுறேன். கட்டடம் சாயுது. கையில எதையும் எடுக்காதீங்க. படியில இறங்குங்க. லிஃப்ட்ல யாரும் ஏறாதீங்க. தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

"கீழ போறவங்ககிட்ட லிஃப்ட்டோட மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லு," என்றார் மாமனார். "பதட்டத்துல எவனாவது ஏறுவான்."

அதையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்திலும் கீழேயும் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. படிகளில் செருப்பில்லாத கால்கள் தடதடத்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் இந்த நாளுக்காக உள்ளுக்குள் காத்திருந்தவர்கள் போல் ஓடினார்கள்.

தவளை கடப்பாரையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கடப்பாரையை மாமனாரின் பக்கத்தில் வைத்து, அவரைக் கட்டில் விரிப்போடு தூக்கினார்கள். தலைப்பக்கம் தவளை, கால்பக்கம் அக்காவும் தங்கையும்.

"இடுப்பை ஆட்டாதீங்க," என்றார் மாமனார். கொஞ்சம் கழித்து, "பரவால்ல, ஆட்டுங்க. வேகமா போங்க," என்றார்.

மூன்றாவது மாடியில் தங்கை சட்டென்று நின்றாள்.

"நர்ஸ். நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து தூங்குவா. போனை அணைச்சுடுவா."

அந்தக் கதவு மூடியிருந்தது. அக்கா விரிப்பைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கதவை இரண்டு கைகளாலும் அடித்தாள். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். மறுபடி அடித்தாள். "எழுந்திருங்க. கட்டடம் இறங்குது, எழுந்திருங்க."

தூக்கக் குரல் ஒன்று யாரு என்றது. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறக்கவில்லை.

"திறக்க மாட்டேங்குது," என்றது உள்ளிருந்து குரல். இப்போது அதில் தூக்கம் இல்லை. "ஏன் திறக்க மாட்டேங்குது?"

கதவின் நிலைச்சட்டம் கோணிப்போயிருந்தது. மேல்மூலையில் மரம் மரத்தைக் கவ்வியிருந்தது.

அக்கா விரிப்பிலிருந்த கடப்பாரையை எடுத்தாள். தவளை விரிப்பை விட முடியாமல் நின்றார். "நீங்க போங்க," என்றாள் அவள்.

"நீ வராம நான் போகல," என்றாள் தங்கை.

"மாமாவை என்ன பண்ணுவே? போ."

தங்கையின் முகம் கோணியது. அழுகையா கோபமா என்று பார்க்க அக்காவுக்கு நேரமில்லை. கால்கள் நான்கும் படியில் இறங்கும் சத்தம் கேட்டது.

கடப்பாரையின் நுனியை நிலைக்கும் கதவுக்கும் நடுவே செருகித் தொங்கினாள். கதவு முனகியது. அவள் தலைக்கு மேலே கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. உள்ளிருந்து நர்ஸ் தோளால் இடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை இடித்தபோது கடப்பாரை வழுக்கி அக்காவின் மணிக்கட்டைக் கிழித்தது. நான்காம் முறை கதவின் மேல்பாதி பிளந்தது. நர்ஸ் அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள். அக்கா அவள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள்.

இருவரும் இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் விரல் நுழைந்த அந்தக் கோட்டில் இப்போது கை நுழையும். நர்ஸ் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். அக்கா அவளை முதுகில் தள்ளினாள்.

*

தெருவுக்கு எதிர்ப்பக்கம் சைக்கிள் பழுது பார்க்கும் கடையின் நீள பெஞ்சில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். தங்கை கையில் போனை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டுத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கட்டடத்தில் இருந்தவர்கள் இருபத்தொன்பது பேர். நர்ஸைப் பார்த்ததும் இருபத்தொன்பது என்றாள். அக்காவைப் பார்த்ததும் தன் துப்பட்டாவால் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"பாப்பா?" என்றாள் அக்கா.

"ஸ்கூல்ல. நான் வர்ற வரைக்கும் வேன்ல ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டேன்."

பன்னிரண்டே கால் மணிக்குப் பம்புகளின் சத்தம் நின்றது. ஆறு மாதமாக இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். நின்ற பிறகுதான் அது இருந்ததே எல்லோருக்கும் தெரிந்தது.

"நான் நிறுத்தல, மண்ணு உள்ள வந்து தானா நின்னுடுச்சு போல," என்றார் தவளை மெதுவாக.

தகர வேலி முதலில் சாய்ந்தது, பள்ளத்தை நோக்கி, வரிசையாக. பிறகு வேலிக்கும் கட்டடத்துக்கும் நடுவிலிருந்த மண் கரைந்து போனது. விழுந்தது என்று சொல்ல முடியாது. இருந்தது, அப்புறம் இல்லை. கட்டடத்தின் பின்மூலை ஒரு படி இறங்கியது. ஒரு நொடி நின்றது. நான்கு மாடிப் பால்கனிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பின்பக்கம் சரிந்தன. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. காதில் கேட்டதைவிடக் காலடியில் அதிகமாகத் தெரிந்தது.

புழுதி தெருவை மூடியது. யாரோ யாருடைய கையையோ பிடித்திருந்தார்கள். புழுதி அடங்கியபோது கட்டடத்தின் முன்பாதி நின்றிருந்தது. பின்பாதி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நான்காவது மாடியில் ஒரு அறை திறந்த பெட்டிபோல் தொங்கியது. கட்டில், அலமாரி, சுவரில் ஒட்டிய பாப்பாவின் படங்கள்.

"என் கட்டில்," என்றார் மாமனார்.

அக்காவின் பையில் போன் அதிர்ந்தது. மேனேஜர்.

"எங்க இருக்கீங்க? உங்க புத்தகம் உங்ககிட்டதானே இருக்கு?" அவர் குரல் வழக்கத்தைவிட மென்மையாக இருந்தது. "யார்கிட்டயும் காட்டாதீங்க. ஒரு ஆளை அனுப்புறேன். அவர் கையில குடுத்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

யாருக்காவது அடிபட்டதா என்று அவர் கேட்கவில்லை. அவள் போனை அணைத்தாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் நகராட்சி ஜீப் வந்தது. இறங்கிய பொறியாளர் வயதானவர், கண்ணாடி முழுக்கப் புழுதி. கையில் ஒரு கோப்பு. நேராகத் தங்கையிடம் வந்தார். போராட்டத்தின்போது மனு கொடுக்க வந்தவளை நினைவு வைத்திருந்தார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டீங்களாம்மா?"

"வந்துட்டோம். எங்க அக்கா வந்து சொன்னா. அவதான் அளக்கிறவ." அந்தச் சொற்களில் தங்கையின் குரல் லேசாக நிமிர்ந்தது.

பொறியாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். குழப்பத்தோடு கோப்பை விரித்தார். "நீங்களா? எனக்குப் புரியலையே. வாராவாரம் எங்களுக்கு அளவு வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. போன வாரம் வரைக்கும் மொத்தமே நாலு மில்லிமீட்டர்னு இருக்கு. அதை வச்சுத்தான் நாங்க வேலையைத் தொடரலாம்னு சொன்னோம்."

அக்காவின் புத்தகத்தில் போன வாரம் வரை முப்பத்தொன்று.

தங்கை ஒரு கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே, மறு கையால் அவர் கோப்பின் தாள்களைப் புரட்டினாள். ஒரு தாள். அடுத்த தாள். அதற்கடுத்த தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கையெழுத்து. சின்ன வயதில் இருவரும் ஒரே நோட்டில் எழுதிப் பழகிய கையெழுத்து, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மேனேஜர் நகராட்சிக்கு அனுப்பும் காலிப் படிவக்கட்டை நீட்டுவார். வாராவாரம் உங்களைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது, ஒரேயடியா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, எண்ணை நான் புத்தகத்தைப் பார்த்து ஏத்திக்கிறேன் என்பார். அவள் ஹெல்மெட் மேல் வைத்து மடமடவென்று போட்டுக் கொடுப்பாள். அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவள், அந்தக் காலிக் கட்டங்களை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"இது உன் கையெழுத்தா?" என்று கேட்டாள் தங்கை.

நர்ஸ் அருகே வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள். எல்லோர் தலையிலும் ஒரே நிறத்தில் புழுதி. மாமனார் பெஞ்சில் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

காலியாக இருந்தபோது போட்டேன் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அந்தச் சொற்கள் உள்ளேயே எவ்வளவு கேவலமாக ஒலிக்கின்றன என்று அவளுக்கே கேட்டது.

"ஆமா," என்றாள். "என்னோடதுதான்."

தங்கை, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.